நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

"டெய்லர்" என்று கூப்பிட்டால் அந்தக் கட்டிடத்தில் திரும்பிப் பார்க்கிறவர் ஒருவர்தான். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத மனுஷர். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு வருவார். அவருக்குப் போய் இந்தப் பெயரை வைத்தவர் மாடியில் இருக்கிற ஷிப்ட் லீடர். இவர் என்னதான் வேலை செய்கிறார் என்று ஒருநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நடந்து போறவனை நிக்கச் சொல்லாமலே அவன் கால்சட்டையில ஒட்டுப் போடுற ஆளுப்பா இவரு" என்று கூடமே கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். அன்றோடு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் என்று ஆகிவிட்டது.

ஷிப்ட் லீடர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மாடியில் பெரிய கூடம். பதினெட்டுப் பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, விபத்து, நெஞ்சுவலி, பிரசவம் என்று வருகிற அழைப்புகளை எடுத்து, எந்த ஆம்புலன்ஸ் எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ச்சுவர் முழுக்க வரைபடம். அதில் வண்டிகள் புள்ளி புள்ளியாக நகரும். இத்தனையையும் ஓட்டுகிற சர்வர் கீழ்த்தளத்தில், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் டெய்லரின் மேஜை. அந்த சர்வரில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கெர்னல். மேலே ஓடும் ஒவ்வொன்றும் எதற்கெடுத்தாலும் அதனிடம்தான் கை நீட்ட வேண்டும். அந்தக் கெர்னலில் ஓட்டை என்று தெரிந்தால் மற்ற இடங்களில் மெஷினை நிறுத்திவிட்டுத் திருத்துவார்கள். டெய்லர் நிறுத்த மாட்டார். அது ஓட ஓட அடிமடியில் கை வைத்து ஒட்டுப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். மாடியில் ஒரு புள்ளிகூட நகர்வதில் தயங்காது.

இந்த வேலையில் ஒரு சாபக்கேடு உண்டு. ஒழுங்காகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது. மேலதிகாரி அம்மாள் புதிதாக வந்த சமயம், "ஒண்ணுமே நடக்கலையே சார், நீங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார். "அதைத்தான் மேடம் பண்றேன்" என்றார் இவர். அது நல்ல பதில் என்று இவருக்கே ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லிச் சிரித்திருக்கலாம். கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள்? சர்வருக்கு வைத்த ஏசி குளிரில் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முழங்கையில் அது நைந்து கிழிந்திருக்க, நாள் முழுக்க மின்விசிறிகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

சர்வர் கடைசியாக நின்று கிளம்பி ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த எண்ணிக்கை மேல் அவருக்குப் பெருமை, அதுதான் நிறுத்த விட மாட்டேன் என்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிறுத்தக் கூடாது என்பதற்கு நியாயமான காரணமும் இருந்தது. நிறுத்தி எழுப்பப் பதினெட்டு நிமிடம் பிடிக்கும். அந்தப் பதினெட்டு நிமிடமும் மாடியில் காகிதமும் தொலைபேசியும்தான். முன்பு ஒருமுறை அப்படி நிறுத்தியபோது ஒரு வண்டி எதிர்த் திசையில் போய்த் திரும்பியது. யாரோ செய்த புண்ணியம், உயிர் தப்பியது.

அது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த சர்வரின் நினைவகத்துக்குள் ஒரு சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. அவர் வீட்டுக்குப் போனாலும், தன் கணினியை அணைத்தாலும், அது உள்ளே தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினை நிறுத்தினால் மட்டும் போய்விடும். அவருடைய மனைவி எழுதிய அரட்டைப் புரோகிராம் அது. மனைவி ஊரின் மறுகோடியில், இந்த மையம் படுத்தால் கைகொடுக்க வைத்திருந்த மாற்று மையத்தில் இதே சர்வரின் தகவல்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே உடன் வேலை பார்த்தவர்கள், அதனால் இருவருக்கும் நீ, வா, போதான். மேல்பாதியில் அவள் எழுதுவது வரும், கீழ்ப்பாதியில் இவர் எழுதுவார். டீ குடிச்சியா, சாவி யாரிடம், சாயங்காலம் லேட்டாகுமா என்று நாள் முழுக்க ஓடும். வீட்டில் பேசியதைவிட அதில் பேசியது அதிகம். கடைசி இரண்டு வருடம் அதுவும் குறைந்துபோனது. அவள் நாலு வரி எழுதினால் இவர் "ம்" என்று ஒரு எழுத்துப் போடுவார்.

ஒருநாள் காலையில் அவள் எழுதினாள்: "மத்தியானம் பஸ். வேற ஊருக்கே போறேன், வேலையும் கிடைச்சிருக்கு. போக வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு, இருக்கேன். சொல்லுவியா?"

அவ்வளவுதான். அதற்குக் கீழே இவருடைய பாதி காலி. ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, தான் ஒட்டுப் போடும் வேலையின் நடுவில் இருந்ததாகவும், முடித்துவிட்டுப் பதில் சொல்ல நினைத்ததாகவும், அதற்குள் அவள் கிளம்பிவிட்டதாகவும் அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். வருகிற மாதம் வந்தால் மூன்று வருடம். விவாகரத்துக் காகிதத்தையும் இருவரும் தொடவில்லை.

திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலை மூட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எடுத்தும் வைத்திருக்கிறார், ஒன்றுக்கு இரண்டாக. படத்தில் கோடு துடிக்காதே! அவசரத்தில் எழுதிய புரோகிராம் வேறு. மறுமுனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை எதையாவது அனுப்பிப் பார்த்தால்தான் சொல்லும், ஆள் இல்லையென்றால் அதோடு மூடிக்கொள்ளும். அனுப்பாத வரைக்கும் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லை என்று தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் வந்ததும் ஒரு தடவை அந்த ஜன்னலைத் திறந்து பார்ப்பார், அப்படியே பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கெர்னலில் ஒரு பெரிய ஓட்டை, வெளியாள் உள்ளே புகுந்துவிடலாம், இன்று மாலை நாலு மணிக்குள் அடைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நாலு மணிக்கு மெஷினை நிறுத்திப் புதுக் கெர்னலோடு எழுப்பிவிடுங்கள். கீழே மேலதிகாரி அம்மாளின் கையெழுத்து.

டெய்லர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒட்டு ஏற்கனவே வந்திருந்தது. வழக்கமாக அதோடு வருகிற குறிப்பை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பவர், அன்றைக்குப் பார்த்து மேலோட்டமாகத் தள்ளிவிட்டார். எத்தனை போட்டாயிற்று, இதென்ன பிரமாதம் என்ற எண்ணம். காலை அழைப்புகள் ஓய்ந்த பதினொன்றரைக்கு ஒட்டை ஏற்றினார்.

வேலை நடக்கிற விதம் இதுதான். பழைய வழியின் வாசலில் ஒரு பலகை வைத்த மாதிரி, இனி வருகிறவர்கள் புது வழியில் போய்விடுவார்கள். ஏற்கனவே பழைய வழிக்குள் இருப்பவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. அவர்களாக வெளியே வர வேண்டும். மெஷினில் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் பிராசஸ் என்று பெயர். அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பிராசஸ் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையும் புது வழிக்கு வந்தால்தான் ஒட்டு முடிந்ததாகக் கணக்கு.

மளமளவென்று நானூற்று ஆறு வந்துவிட்டது. அங்கே நின்றது. இரண்டு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று, அசையவில்லை. அப்புறம்தான் குறிப்பை எடுத்து ஒழுங்காகப் படித்தார். ஓட்டை இருந்தது, தட்டப்படுகிற எழுத்துக்காகக் கெர்னல் காத்திருக்கிற இடத்தில். அதாவது யாராவது எதையாவது தட்டுவார்கள் என்று கீபோர்டைப் பார்த்துக்கொண்டு தூங்குகிற பிராசஸ் எல்லாம் பழைய வழிக்குள்ளேயே இருக்கும். தட்டி என்டரை அழுத்தி அனுப்பினால்தான் விழித்துக்கொண்டு வெளியே வரும். புதுப் பதிப்புகளில் கெர்னலே தட்டி எழுப்பிவிடும். இது அந்த வசதிக்கு முந்திய பதிப்பு. நிறுத்தி எழுப்பியிருந்தால் எப்போதோ புதுசு வந்திருக்கும். நிறுத்த விடாதது யார்?

எழுந்து சர்வர் அறைக்குள் போய், அங்கிருந்த கீபோர்டில் என்டரைத் தட்டினார். நானூற்று ஏழு. தன் மேஜையில் திறந்திருந்த ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தட்டினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. மிச்சம் ஒன்று. அது யாருடையது என்று பார்க்கக் கட்டளை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கொடுத்துப் பார்த்தார். அவருடையதுதான். அந்த ஜன்னல்தான்.

எந்த ஜன்னலைக் காப்பாற்ற இத்தனை நாள் மெஷினை நிறுத்தாமல் ஒட்டு ஒட்டாகப் போட்டாரோ, அதே ஜன்னல் குறுக்கே படுத்துக்கொண்டு ஒட்டை முடியவிடாமல் பிடித்திருக்கிறது. முடியாவிட்டால் நாலு மணிக்கு மெஷினை நிறுத்த வேண்டும், ஜன்னல் போய்விடும். முடிய வேண்டுமென்றால் அதில் எதையாவது தட்டி அனுப்பியாக வேண்டும், அப்போதும் போய்விடும். எப்படியும் இன்றைக்கு அதற்குக் கடைசி நாள். பதில் சொல்லி முடிவதா, சொல்லாமலே முடிவதா என்பதுதான் அவர் கையில் இருந்தது.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவள், தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுவிடுவாள்.

"என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை நடுவுல இருக்கேன்."

"நீ எப்படா வேலை நடுவுல இல்லாம இருந்தே? அம்மாவுக்குக் கொள்ளி வெச்ச அன்னைக்கும் போனைப் பாத்துட்டு நின்ன ஆளுதானே நீ. நேத்து அவகிட்ட பேசினேன்."

திரையில் நானூற்றுப் பதினொன்று அப்படியே நின்றது.

"யாருகிட்டன்னாவது கேளேன்டா! நல்லாத்தான் இருக்கா. அதே நம்பர்தான் வெச்சிருக்கா. ஒரு போன் போட உனக்கு என்ன கையா முறிஞ்சுபோச்சு? அத்துக்கவும் மாட்டேங்கிற, சேரவும் மாட்டேங்கிற. உன்னைச் சுமந்துட்டு எத்தனை நாளைக்கு நான் நடுவுல நிக்கிறது?"

"அக்கா, அன்னைக்கு நான் ஒட்டு போட்டுட்டு இருந்தேன்..."

"தெரியும்டா, தெரியும். நூறு தடவை சொல்லிட்டே. வெச்சிடறேன், போய் ஏதாவது வயித்துக்குப் போடு."

அவர் எதையும் போடவில்லை. கொண்டுவந்த டப்பா பையிலேயே இருந்தது. இரண்டே முக்காலுக்கு மேலதிகாரி அம்மாள் படியிறங்கி வந்தார். அவர் கீழே வருவது வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் யாராவது பெரிய ஆளுக்குச் சுற்றிக் காட்ட.

"முடிஞ்சுதா சார்?"

"நானூத்திப் பதினொண்ணு வந்துடுச்சு மேடம். ஒண்ணு பாக்கி."

"ஒண்ணுதானே? கில் பண்ணிட்டுப் போங்களேன். எதுக்கு அதைக் கட்டிட்டு அழறீங்க?"

"பழைய செஷன் மேடம். பாத்துப் பண்ணணும்."

"யாரோடது?"

"...இங்க வேலை பாத்தவங்களோடது."

அந்த அம்மாள் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார். என்ன புரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "நாலு மணி சார். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது. மாடியில காகிதமெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்."

அவர் போனபிறகு டெய்லர் செய்தது, பயந்தவன் எல்லோரும் செய்வதுதான்: வேறு வேலையில் புகுந்துகொண்டார். முன்னால் போட்ட ஒட்டுகளில் ஏதாவது இப்படி மாட்டிக்கொண்டதா, எப்படி விடுபட்டது என்று பார்க்கலாம் என்று ஒரு சாக்கு. ஒவ்வொரு ஒட்டும் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது என்று கெர்னல் தானாகக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்புகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். மூன்று நிமிடம். நாலு நிமிடம். இரண்டு நிமிடம். எதுவும் மாட்டவில்லை. தள்ளிக்கொண்டே போனவர் அந்தத் தேதியில் வந்து நின்றார்.

ஆரம்பம் பத்து ஐம்பத்தொன்று. முடிவு பத்து ஐம்பத்தைந்து.

ஜன்னலைத் திறந்தார். "சொல்லுவியா?" என்ற வரிக்குப் பக்கத்தில் நேரம் இருந்தது. இத்தனை நாள் தினம் பார்த்தும் கண்ணில் படாத நேரம். பதினொன்று ஒன்பது.

மறுபடியும் குறிப்பைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலை. கடிகாரம் தப்பாக இருக்குமோ? இருக்காது, ஒரே மெஷின், ஒரே கடிகாரம். அவள் கேட்டபோது ஒட்டு முடிந்து பதினாலு நிமிடம் ஆகியிருந்தது. அவர் எந்த வேலை நடுவிலும் இல்லை. இதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. "இரு" என்று தட்டி அழித்தார். "ஏன்" என்று தட்டி அழித்தார். சோதனை செய்து பார்க்காமல் ஒரு எழுத்தைக்கூட சர்வரில் ஏற்றாத ஆள், தப்பாகவே போக முடியாத ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். முழுதாக நாற்பது நிமிடம் தேடினார். அப்புறம் எழுந்து போய் டீ குடித்தார். வேலை நடுவில் இருந்தேன் என்பது அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்வதற்காகப் பிறந்த பொய். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் குளிரிலும் காது மடல் சுட்டது.

மணி மூன்று நாற்பத்திரண்டு. கில் என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், இரண்டு நொடியில் கதை முடிந்துவிடும். கட்டளையைத் தட்டியும்விட்டார். தட்டியதை அழித்தார். ஜன்னலுக்குள் போனார். துடிக்கிற கோட்டுக்கு நேரே, முதல் தடவையாக, சோதித்துப் பார்க்காமல் தட்டினார்:

"போகாதே."

அனுப்பினார்.

புரோகிராம் தயங்கவே இல்லை. "மறுமுனையில் யாரும் இல்லை" என்று ஒரு வரி. அவள் எழுதிவைத்த வரிதான். அடுத்த நொடி ஜன்னல் மூடிக்கொண்டது. அதன் இடத்தில் ஒன்றுமில்லாத கறுப்புத் திரை. பக்கத்துத் திரையில் எண் மாறியது. ஜன்னலோடு ஒன்று குறைந்து மொத்தமே நானூற்றுப் பதினொன்று, அத்தனையும் புது வழியில். ஒட்டு முடிந்தது, மூன்று நாற்பத்து மூன்று என்று கெர்னல் குறித்துக்கொண்டது.

மாடிக்குப் போனார். பதினெட்டுப் பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலதிகாரி அம்மாளிடம் முடிந்துவிட்டது என்றார். அவர் காகிதக் கட்டுகளைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னார்.

"மேடம், இன்னொண்ணு. அடுத்த மாசம் ஒரு நாள் பாத்து மெஷினை முறையா நிறுத்திடலாம். மாத்து மையத்தை முன்னால தயார் பண்ணி வெச்சா இங்க யாரும் காகிதம் தூக்க வேண்டியதில்ல. கெர்னல் ரொம்பப் பழசாயிடுச்சு."

அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா சார் சொல்றீங்க இதை? ஆயிரத்து இருநூறு நாளாச்சே!"

"ஆமா மேடம். போதும்."

கீழே வந்தார். கதவைச் சாத்தினார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். நாலாவது மணியில் எடுத்தாள்.

"ம்."

"நான்தான்."

"தெரியுது. பேர் வருதே."

இன்னும் பெயரை அழிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததைப் பற்றிக்கொண்டு நிற்காமல் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"அன்னைக்கு நீ கேட்டப்போ ஒட்டு முடிஞ்சிடுச்சு. பதினாலு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. வேலை நடுவுல இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பொய். சும்மாதான் உக்காந்திருந்தேன். பதில் சொல்லத் தெரியல."

அந்தப் பக்கம் பஸ்ஸோ லாரியோ போகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நானும் அதே மெஷின்லதானே இருந்தேன். உன் ஒட்டு முடியட்டும்னுதான் காத்துட்டிருந்தேன். முடிஞ்சதைப் பாத்துட்டு, நீ டீ குடிக்க நேரம் விட்டு, அப்புறம்தான் கேட்டேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பச்சை விளக்குகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன.

"அந்த ஜன்னலை நான் மூடவே இல்ல," என்றார். "இன்னைக்கு வரைக்கும் திறந்துதான் வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் பதில் போட்டேன்."

"அதுலயா? பைத்தியமா உனக்கு? அங்க யார் இருக்கான்னு போட்டே?"

"யாரும் இல்லன்னுதான் வந்துச்சு."

"என்னன்னு போட்டே?"

"போகாதேன்னு."

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"எனக்கு வேலை இருக்கு," என்றாள் கடைசியில். குரல் கரகரத்தது. "வெச்சிடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் அவர், உடனே.

அவள் வைக்கவில்லை.